தேனீ வீட்டுத் துப்புரவு

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற மாதம் இவ்விடத்தில் நின்று பேசியவர் இலக்கியம் கற்றுத் துறைபோன பேராசிரியர். இம்மாதம் பேசுபவனோ பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, சரக்கு அலுவலகத்தில் மூட்டைகளை எண்ணிக் கணக்கெழுதும் எழுத்தன். “பேசுவதற்கு வேறு எவரும் கிடைக்கவில்லை, உங்கள் வீட்டுக் கொல்லைத் தேனீக்களைப் பற்றியாவது சொல்லுங்கள்” என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். அவர் உண்மையை மறைக்காமற் சொன்னதால் எனக்கும் துணிவு பிறந்தது. மேலும், என் கொல்லையிலிருந்து பறந்துவரும் தேனீக்கள் உங்கள் வீட்டுக் குழாயடியில் நீர் குடிப்பதும், குழந்தைகளை அச்சுறுத்துவதும் நான் அறியாதவை அல்ல. ஆகவே அவற்றைப் பற்றி உங்களுக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவன் நான்.

ஆங்கிலத்தில் ஒரு தேனீக் குடும்பத்தைக் ‘காலனி’ என்றே வழங்குகின்றனர். நாமும் காலனிவாசிகள். ஒரு வீட்டில் வந்த நோய் நான்கு நாளில் எல்லா வீட்டுக்கும் வருவதன் துன்பம் நமக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சுமார் முப்பதாயிரம் உயிர்கள் ஒரு மரப்பெட்டிக்குள், இருட்டில், ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கி வாழ்கின்றன. அங்கே நோய் புகுந்தால் என்ன ஆகும்? அதனைத் தடுக்க அவை என்ன செய்கின்றன? இதுவே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் பகையைச் சொல்லிவிடுகிறேன். அதன் பெயர் வரோவா. தேனீயின் உடம்பில் ஒட்டி வாழும் உண்ணி இனம். பண்டை உரோம நாட்டில் தேனீக்களைப் பற்றி எழுதிய வாரோ என்னும் அறிஞரின் பெயரை இதற்கு இட்டார்கள். தேனீயின்மேல் அன்பு கொண்டவரின் பெயர் தேனீயைக் கொல்லும் பூச்சிக்குப் போய்ச் சேர்ந்தது. பெயர் வைப்பவர்கள் சற்று யோசித்திருக்கலாம். சாவகத் தீவிலே, நம் நாட்டுத் தேனீயின் இனத்திலேயே கிடைத்த இதனை, 1904ஆம் ஆண்டில் ஊடெமான்ஸ் என்னும் டச்சு அறிஞர் முதன்முதலாக விவரித்து எழுதினார். மேல்நாட்டுத் தேனீக்களை அழிப்பது இதற்கு நெருங்கிய உறவான வேறோர் இனம் என்பதை 2000ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய அறிஞர்களாகிய ஆண்டர்சனும் துரூமனும் நிறுவி, அதற்கு ‘டெஸ்ட்ரக்டர்’, அதாவது அழிப்பான், என்று அடைமொழி கொடுத்தனர்.

செம்பழுப்பு நிறம், நண்டின் ஓடுபோல் தட்டையான உடல், நீளம் 1.1 மில்லிமீட்டர், அகலம் 1.6 மில்லிமீட்டர். சிறியது என்று எண்ணவேண்டா. தேனீயின் உடலளவோடு ஒப்பிட்டால், நம் முதுகில் ஒரு சிறு தட்டின் அளவுள்ள உண்ணி ஒட்டிக்கொண்டிருப்பதற்கு ஒப்பாகும். இது தேனீயின் குருதியைக் குடிக்கிறது என்றே நெடுங்காலம் எழுதிவந்தார்கள். 2019இல் அமெரிக்காவில் சாமுவேல் ராம்சே என்பவரும் அவர் கூட்டாளிகளும் ஆராய்ந்து, இது பெரிதும் உண்பது தேனீயின் கொழுப்புத் திசுவை என்று காட்டினர். நமக்குக் கல்லீரல் செய்யும் பணிகள் பலவற்றைத் தேனீக்குச் செய்வது அத்திசு. அதனை இழந்த தேனீ உயிரோடிருந்தும் வலுவிழந்து போகிறது. அதனோடு நில்லாமல், சிறகு முறுக்கிப் போகச் செய்யும் ஒரு வைரசையும் இவ்வுண்ணி தேனீயின் உடலிற் செலுத்துகிறது. சிறகு சுருண்ட தேனீ பறக்கமாட்டாமல் பெட்டியின் முன்னே தரையில் ஊர்ந்து ஊர்ந்து மடிகிறது. 2022ஆம் ஆண்டு மழைக்காலத்தில் என் கொல்லைக்கு வந்த குழந்தைகள், “அங்கிள், இந்த ஈக்களுக்கு நடக்க மட்டுந்தான் தெரியுமா?” என்று கேட்டார்கள். அன்று அதன் பொருள் எனக்கு விளங்கவில்லை.

இவ்வுண்ணி பெருகும் முறை மிகவும் கள்ளத்தனமானது. தேனடையின் அறையில் புழு வளர்ந்து முதிர்ந்ததும், வேலைக்காரத் தேனீக்கள் அவ்வறையை மெழுகு மூடியிட்டு அடைக்கும். அடைப்பதற்குச் சற்று முன்னர்த் தாயுண்ணி உள்ளே நுழைந்து, புழுவின் உணவிலே மறைந்துகொள்கிறது. கதவு சாத்தியபின் சுமார் மூன்று நாளில் முதல் முட்டை, அது ஆண். பின்னர் முப்பது மணிக்கு ஒன்றாகப் பெண் முட்டைகள். தேனீக் குழந்தையின் உடலில் ஒரு துளையிட்டுத் தாயும் மக்களும் ஒரே இடத்தில் உண்கின்றன. இத்தாலியத் தேனீயில் வேலைக்காரத் தேனீயின் அறை பன்னிரண்டு நாள் மூடியிருக்கும். ஆண் தேனீயின் அறை இன்னும் இரண்டு மூன்று நாள் மிகுதி. ஆகவே உண்ணி ஆண் அறையையே பெரிதும் விரும்புகிறது. மூடி திறந்து தேனீ வெளிப்படும்போது தாயும், முதிர்ந்த ஒன்றிரண்டு பெண்மக்களும் அதன் மேலேறி உடன் வருகின்றன. முதிராதவையும் ஆணும் உள்ளேயே மடிகின்றன. கதவு மூடிய அந்தப் பன்னிரண்டு நாளே அதன் பலம் முழுவதும்.

இனி என் ஊரைப் பற்றிச் சிறிது சொல்ல அனுமதிக்கவேண்டும். நான் பிறந்தது குமரி மாவட்டத்தில், மார்த்தாண்டத்துக்கு அண்மையில். 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்னும் அமெரிக்கர் அங்கே கிறித்துவ இளைஞர் சங்கத்தின் கிராமப் பணியை நடத்தித் தேனீ வளர்ப்பைப் பரப்பினார். அதுமுதல் ரப்பர்த் தோட்டங்களின் நடுவே வீட்டுக்கு வீடு பெட்டி உண்டு. ரப்பர்த் தேன் பூவிலிருந்து வருவதன்று; இளந்தளிரின் காம்பிலுள்ள சுரப்பிகளிலிருந்து வருவது. என் பாட்டனார் வைத்திருந்தவை நம் நாட்டு இந்தியத் தேனீக்கள். அவர் காலத்திலும் வரோவா இருந்திருக்கும். ஆயினும் அதன் பெயரையே அவர் அறியார். அறியவேண்டிய தேவை அவருக்கு நேரவில்லை.

அஃது ஏன்? நம் நாட்டுத் தேனீயும் உண்ணியும் எண்ணற்ற தலைமுறைகளாக ஒன்றாய் வாழ்ந்தவை. அத்தேனீ தன் மேலும் தோழியின் மேலும் ஏறிய உண்ணியைக் காலாலும் வாயாலும் பற்றி நீக்குகிறது. அதன் வேலைக்காரப் புழுவோ, உண்ணி கடித்தவுடன் எளிதில் இறந்துபோகிறது. இறந்ததை மற்றவை இழுத்தெறிந்துவிடுகின்றன. உண்ணிக்கு அங்கே வமிசம் இல்லை. குழந்தை மெலிந்திருப்பதே குடும்பத்துக்குக் காவலாகும் விந்தையை இங்குக் காண்கிறோம். ஆண் அறையில் மட்டும் உண்ணி பெருகும். அங்கும் பல உண்ணிகள் புகுந்து ஆண் தேனீ நலிந்துவிட்டால், அதனால் தன் அறையின் கெட்டியான மூடியைத் திறக்க இயலாது. மற்றவையும் திறந்து விடுவதில்லை. உண்ணியோடு அதுவே அதன் கல்லறையாகிறது.

மேல்நாட்டுத் தேனீயோ இப்பகையை அறியாதது. மனிதர் அதனைக் கிழக்காசியாவுக்குக் கொண்டுவந்து நம் தேனீயின் அருகில் வைத்தபின், சென்ற நூற்றாண்டில் உண்ணி அதன்மேல் தாவிற்று. பின்னர்ப் பெட்டிகளோடு பயணம் செய்து, 1970களில் ஐரோப்பாவிலும், 1987இல் அமெரிக்காவிலும், 2000இல் நியூசிலாந்திலும் காணப்பட்டது. தேனீ வளர்க்கும் கண்டங்களில் ஆஸ்திரேலியா ஒன்றே எஞ்சியிருந்தது. 2022 ஜூன் மாதத்தில் அங்கும் நியூகாசில் துறைமுகத்தருகே கண்டனர்; ஆயிரக்கணக்கான பெட்டிகளை அழித்தும் தடுக்க இயலாது, 2023 செப்டம்பரில் ஒழிப்பு முயற்சியைக் கைவிட்டனர். நம் நாட்டில் இத்தாலியத் தேனீயை 1960களில் காங்கிரா பகுதியின் நக்ரோட்டா பக்வானில் பேராசிரியர் அத்வால் வெற்றியுடன் நிலைபெறச் செய்தார். இன்று பஞ்சாபிலும் பீகாரிலும் கடுகுக்கும் லிச்சிக்கும் நடுவே நீங்கள் காணும் பெட்டிகள் யாவும் பெரும்பாலும் அவ்வினமே. என்னுடையவையும் அவையே.

நாட்டுத் தேனீயைக் குறையற்றது என்று நான் புகழ்வதாக எண்ணவேண்டா. 1991, 1992ஆம் ஆண்டுகளில் தாய் சாக்புரூட் என்னும் பைப்புழு நோய், இஃது உண்ணியன்று, வைரசால் வருவது, தென்னாட்டுத் தேனீக்களைச் சூறையாடிற்று. புழு தோற்பைபோல் நீர்கோத்துத் தலைநிமிர்ந்து, படகின் மூக்கைப்போல் வளைந்து செத்துக்கிடக்கும். எனக்கு அப்போது பத்துப் பதினொரு வயது. எங்கள் தோட்டத்தில் நாற்பது பெட்டிகள் இருந்தன. ஓராண்டில் மூன்று எஞ்சின. பாட்டனார் வெறும் பெட்டிகளைக் கவிழ்த்துவைத்து, அவற்றின்மேல் தேங்காய் உலர்த்தினார். அந்த மூன்றும் ஏன் பிழைத்தன என்று அவர் பலகாலம் சொல்லிச் சொல்லி வியந்தது என் நெஞ்சில் நின்றது. அவ்வட்டாரத்தில் பலரும் பிழைத்த கூடுகளிலிருந்தே மீண்டும் பெருக்கிக்கொண்டனர்.

ஏன் பிழைத்தன என்னும் வினாவுக்கு ஒரு பகுதி விடையை மேல்நாட்டார் முன்னரே தேடியிருந்தனர். 1930களில் அமெரிக்காவின் அயோவாவில் பார்க் என்பவர், புழு அழுகல் நோயைத் தாங்கும் தேனீக் குடும்பங்கள் சில உண்டு என்று கண்டார். 1964இல் ஒகையோவில் ரோதன்புலர் என்னும் பேராசிரியர் அதன் காரணத்தைத் துலக்கினார். அதற்குத் துப்புரவு நடத்தை என்ற பெயரை வழங்கியவர் அவரே. அறை மூடியிருக்கும்போதே, உள்ளேயுள்ள குழந்தை நோயுற்றது என்பதை மணத்தால் அறிந்து, மூடியைத் திறந்து, அதனை வெளியே எறிந்துவிடும் குணம் அது. நோய் முற்றிப் பிறருக்குப் பரவுமுன் எறிவதிலேயே அதன் பயன் இருக்கிறது.

அவர் செய்த சோதனையில் எனக்குத் தனி விருப்பம் உண்டு. அஃது எண்ணிப் பார்க்கும் வேலை. துப்புரவுள்ள குலத்தையும் துப்புரவற்ற குலத்தையும் கலந்தார். பிறந்த தலைமுறை துப்புரவற்றதாகவே இருந்தது. அதனை மீண்டும் துப்புரவுக் குலத்தோடு கலந்து 29 குடும்பங்களைப் பெற்றார். அவற்றில் 6 குடும்பங்கள் மூடியைத் திறந்து பிணத்தையும் எறிந்தன. 9 குடும்பங்கள் திறந்தன; ஆனால் எறியவில்லை. 14 குடும்பங்கள் திறக்கவே இல்லை. அந்தப் பதினான்கிலும் அவர் தம் கையாலேயே மூடியைத் திறந்துவிட்டபோது, 6 குடும்பங்கள் உடனே பிணத்தை அகற்றின! திறக்கும் குணம் ஒன்று, எறியும் குணம் ஒன்று. இரண்டும் தனித்தனியே தாய்தந்தை வழி வருவன என்று அவர் முடிவு கட்டினார். மரபணுக்கள் இரண்டு மட்டுமல்ல, இன்னும் பல என்று பின்வந்தோர் காட்டியுள்ளனர். இருந்தபோதிலும், குப்பையைக் காண்பவர் ஒருவர், எடுப்பவர் மற்றொருவர் என்னும் நிலை தேனீக்களிடமும் உண்டு என்பதைப் படித்தபோது, நம் காலனித் துப்புரவுக் குழுவின் நினைவு எனக்கு வந்தது. குழுவினர் பொறுத்தருள்க.

பின்னர் மின்னசோட்டாவில் மார்லா ஸ்பிவாக் என்னும் அம்மையார் இக்குணமுள்ள தேனீக்களைத் தேர்ந்தெடுத்து வளர்த்தார். லூசியானாவில் ஹார்போ, ஹாரிஸ் என்னும் இருவர், உண்ணி புகுந்த அறைகளையே மோப்பம் பிடித்துத் திறக்கும் தேனீக்களைப் பிரித்தெடுத்தனர். மூடியைத் திறந்து பிள்ளையை வெளியிட்டால் தாயுண்ணி தப்பி ஓடலாம். ஆயினும் அதன் முதிராத மக்கள் மடிந்துபோகும். பன்னிரண்டு நாள் கதவடைப்பு என்னும் அதன் பலம் அங்கே உடைகிறது.

இப்போது என் கதை. 2021 அக்டோபரில் கூட்டுறவுக் கடன் வாங்கி ஐந்து பெட்டிகள் வாங்கினேன். மகளின் கல்லூரிச் செலவுக்கு ஆகும் என்பது கணக்கு. 2022 மார்ச்சில் லிச்சித் தேன் நன்றாக இறங்கிற்று. உங்களில் பலர் சுவைத்தீர்கள். மழைக்காலத்தில் நான் சொன்ன ஊரும் ஈக்கள் தோன்றின. மூன்று பெட்டிகள் நவம்பருக்குள் காலியாயின. இடையில் ஒரு கடைக்காரர் கொடுத்த மருந்துக் குச்சிகளை எல்லாப் பெட்டிகளிலும் செருகினேன். குச்சியில் என்ன மருந்து என்று கேட்கவில்லை. ஒவ்வொரு மூட்டைக்கும் சீட்டுக் கேட்பவன், இதற்குச் சீட்டுக் கேட்கவில்லை. சனவரியில் கடுகுத் தேன் எடுத்து மூன்று வீடுகளுக்குக் கொடுத்த பிறகே, அது வயலுக்குத் தெளிக்கும் பூச்சிமருந்தில் தோய்த்த மரக்குச்சி என்று தெரிந்தது. அன்றிரவே மூன்று வீடுகளுக்கும் போய்ப் புட்டிகளைத் திரும்ப வாங்கிவந்தேன். பதினான்கு கிலோத் தேனைக் குழிதோண்டிக் கொட்டி, ஈ அணுகாதபடி மண்ணிட்டு மூடினேன். அம்மூன்று வீட்டாரும் இங்கே அமர்ந்திருக்கிறார்கள். அன்று அவர்கள் ஒரு சொல்லும் சொல்லாததை நான் மறக்கவில்லை.

எஞ்சியவை இரண்டு. கொய்யா மரத்தடியிலுள்ள ஐந்தாம் பெட்டியின் வாயிலில் நாள்தோறும் காலையில் வெள்ளை வெள்ளையாகக் கூட்டுப்புழுக்கள் கிடக்கும். மற்றப் பெட்டிகளின் முன்னே இல்லாத காட்சி. ஐந்திலும் நோய் மிகுந்தது இதுவே என்று நான் உறுதியாக நம்பினேன். பாதி விலைக்கு ஒருவருக்கு விற்கவும் பேசிவிட்டேன். அவர் வந்த மாலையில் எனக்கு இரவுப் பணி நேர்ந்ததால், பெட்டி கைமாறாமல் நின்றது. என் அறிவால் அன்று, பணிமுறைப் பட்டியலால் அது தப்பியது!

அதன்பின் அறிந்தோரிடம் கேட்டும், படித்தும், ஊசிச் சோதனையைக் கற்றுக்கொண்டேன். மூடிய அறைகளில் வரிசைக்குப் பத்தாகப் பத்து வரிசை, ஆக நூறு அறைகளைக் குறித்து, மெல்லிய ஊசியால் ஒவ்வொரு கூட்டுப்புழுவையும் குத்திவிடவேண்டும். பாவந்தான், செய்யாமல் வேறு வழியில்லை. இருபத்துநான்கு மணி நேரம் கழித்து, எத்தனை அறைகளைத் தேனீக்கள் திறந்து துடைத்து வைத்திருக்கின்றன என்று எண்ணவேண்டும். ஆய்வுக்கூடங்களில் ஊசிக்குப் பதில் நீர்ம நைட்ரஜனால் உறையவைத்துக் கொல்வர். 2023 ஆகஸ்டில், எம்மருந்தும் இடாத நிலையில், நான் எண்ணியபோது நாலாம் பெட்டியில் 41. ஐந்தாம் பெட்டியில் 93.

உண்ணியையும் எண்ணினேன். ஏறத்தாழ முந்நூறு தேனீக்கள், அதாவது அரைக் கோப்பை, ஒரு சல்லடை மூடிப் புட்டியில் இட்டு, அரைத்த சர்க்கரைத் தூளைத் தூவி உருட்டிக் குலுக்கினால், கால் பிடிப்பு வழுக்கி உண்ணிகள் கீழே உதிரும். ஈக்கள் சாவதில்லை, சர்க்கரை பூசிய மேனியோடு பெட்டிக்குத் திரும்பித் தோழிகளால் நக்கப்படும். நாலாம் பெட்டியில் 17. ஐந்தாம் பெட்டியில் 4. நூறு ஈக்கு மூன்றுக்குமேல் உண்ணி இருந்தால் வாளாவிருத்தலாகாது என்பது பலர் கொள்ளும் அளவு. ஆக, நான் நோயாளி என்று தள்ள இருந்தது வீட்டைப் பெருக்கிக் குப்பையை வாயிலிற் கொட்டிய குடும்பம். வாயில் துப்புரவாக இருந்த மற்ற வீடுகளில் பிணங்கள் உள்ளேயே கிடந்தன.

ஐந்தாம் பெட்டியின் புழுக்களிலிருந்து இராணிகளை வளர்த்து இப்போது ஏழு பெட்டிகள் ஆக்கியுள்ளேன். எல்லாம் தாயைப்போல் ஆயினவோ எனின், இல்லை. ஒரு மகள் 90, ஒருத்தி 88, ஒருத்தி 71, ஒருத்தி வெறும் 52. இதற்குக் காரணம் உண்டு. இராணி தன் திருமணத்தை வானத்தில் நடத்துகிறாள். பத்துப் பதினைந்து ஆண் தேனீக்களோடு கூடித் திரும்புகிறாள். லிச்சிக் காலத்தில் வெளியூர்ப் பெட்டிகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும் இவ்வூரில், மாப்பிள்ளை எவ்வூரான், எக்குலத்தான் என்று நான் யாரிடம் விசாரிப்பேன்? ஆகவே ஆண்டுதோறும் எண்ணிப் பார்த்து, குறைந்தவற்றின் இராணியை மாற்றுவது ஒன்றே செய்யக்கூடியது. துப்புரவுக் குணம் ஒன்றே போதும் என்று சொல்பவர் சிலர் உண்டு. என் அனுபவம் அதனை ஒப்பவில்லை. 90 பெற்ற பெட்டியிலும் சென்ற மழைக்காலத்தில் உண்ணி ஏறிற்று. ஆண் தேனீ அடையை வெட்டியெடுத்து அழித்தேன். அமில மருந்துகள் உண்டு. அவற்றை அளவறிந்தோர் சொற்படி, தேன் வராத காலத்திலேயே இடவேண்டும். மலைத்தேனீயிடமிருந்து வரும் டிரோபிலீலாப்ஸ் என்னும் வேறோர் உண்ணியும் இங்கு உண்டு. செந்நிறம், நீண்ட உடல், ஓட்டம் மிக விரைவு. அது வளர்ந்த தேனீயை உண்டு வாழ இயலாதது. ஆகவே இராணியைச் சிலநாள் கூண்டிலடைத்து, அடையில் புழுவே இல்லாதபடி செய்துவிட்டால் பட்டினியால் ஒழிந்துபோகிறது.

தாய்மார்களுக்கு ஒரு விண்ணப்பம். கொசு மருந்துப் புகை வண்டி நம் தெருவுக்கு வரும் நேரத்தைப் பொழுது சாய்ந்தபின் வைத்துக்கொள்ளுமாறு நலவாழ்வு ஆய்வாளரிடம் கேட்டிருக்கிறேன். மனுவில் உங்கள் கையெழுத்தும் இருந்தால் என் சொல்லுக்கு எடை கூடும். குழாயடியில் ஈக்கள் மொய்க்காதிருக்க, என் கொல்லையிலேயே கூழாங்கல் இட்ட நீர்த்தொட்டி வைத்துவிட்டேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஏழாம் பெட்டியில் ஊசிச் சோதனை செய்ய இருக்கிறேன். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு எண்ணியாக வேண்டும். அந்நேரம் எனக்கு அலுவலகத்தில் பணி. கண்பார்வை கூர்மையாகவும் நூறுவரை பிழையின்றி எண்ணவும் வல்ல பிள்ளைகள் இருவர் தேவை. முகவலை என்னிடம் இரண்டு உள்ளன. நறுமண எண்ணெய் பூசாமல் வரவேண்டும். விருப்பமுள்ளோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கலாம்.